விளையாட்டுக் கார்களும் விலைப் புத்தகமும்: வாசகர் கேள்விகள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பழைய பொம்மைக் கார்களை அடையாளம் காட்டி விலையும் சொல்லும் புத்தகங்களைப் பற்றியவை. எனக்கு அதில் மகிழ்ச்சி. காருக்கு முன் புத்தகத்தை வாங்குகிறவர் ஏமாறுவது குறைவு.

வீட்டில் டிங்கி, கோர்கி, மச்பொக்ஸ் எல்லாம் கலந்து முப்பது கார்கள் வரை இருக்கின்றன. ஒரே ஒரு புத்தகம்தான் வாங்க முடியும். எதை வாங்கலாம்?
ஆசிரியை, மானிப்பாய்

ஜோன் ராம்சே தொகுத்த பிரித்தானிய டைகாஸ்ட் (உலோகம் வார்த்துச் செய்த பொம்மைகள்) கட்டலொக்கை வாங்குங்கள். 1984 இல் முதலில் வெளிவந்து, பின்னர் பல பதிப்புகள் கண்டது. படங்களைவிடப் பட்டியலே அதிகம், எழுத்தும் பொடி. ஆனால் உங்களிடம் உள்ள மூன்று கம்பனிகளும் ஒரே அட்டைக்குள் கிடைக்கும். பழைய பதிப்பே போதும். இலக்கம், நிறம், சில்லு பற்றிய விவரங்கள் பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு மாறுவது விலை. அந்தப் பக்கம் நீங்கள் போகவே வேண்டாம். ஏன் என்று நல்லூர் வாசகருக்குக் கீழே சொல்லியிருக்கிறேன்.

அப்பா வைத்திருந்த டிங்கி ஒஸ்டின் சொமசெற் கார் ஒரு புத்தகத்தில் 40 ஜே என்றும் இன்னொன்றில் 161 என்றும் இருக்கிறது. எது பிழை?
நெல்லியடி

இரண்டும் சரி. 1954 இல் டிங்கி தன் பழைய எழுத்து இலக்கங்களைக் கைவிட்டு மூன்று இலக்க முறைக்கு மாறியது. அதனால் 40 ஜே, 161 ஆனது. 40 டி ஆக இருந்த ஒஸ்டின் டெவன் 152 ஆனது. இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: சொமசெற் நின்றபின் அதே 161 ஐ 1965 இல் போர்ட் மஸ்டாங் காருக்குக் கொடுத்தார்கள். மச்பொக்ஸிலும் இப்படித்தான். 46 ஆம் இலக்கம் முதலில் மொறிஸ் மைனர், அடுத்து பிக்போர்ட்ஸ் வீட்டுச் சாமான் வான், பின்பு மெர்சிடிஸ். இலக்கத்தை மட்டும் எழுதி எனக்குக் கடிதம் போடாதீர்கள்.

அடியில் 1968 என்று இருக்கிறது. அப்படியென்றால் கார் 1968 இல் செய்ததுதானே?
கொக்குவில்

இல்லை. பெரும்பாலும் அது வடிவத்தின் உரிமை பதிவான ஆண்டு. அதே அச்சில் பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் வார்த்திருப்பார்கள்.

படம் இணைத்திருக்கிறேன். என்ன கார், என்ன பெறுமதி?
சாவகச்சேரி

நீங்கள் அனுப்பியது கூரையின் படம். அதுவும் மேசை விரிப்பின் பூக்கள் தெளிவாகவும் கார் மங்கலாகவும் இருக்கிறது. பலமுறை எழுதிவிட்டேன், மறுபடியும் எழுதுகிறேன்: அடித்தகட்டைப் பாருங்கள். பெயர், ஊர், இலக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கும். அடி ஒன்று, பக்கம் ஒன்று, சில்லுக்குக் கிட்ட ஒன்று என மூன்று படங்களைப் பகல் வெளிச்சத்தில் எடுத்து அனுப்புங்கள். பிறகு பேசுவோம்.

கோர்கி மட்டும் சேர்க்கிறேன். அதற்கென்று தனிப் புத்தகம் உண்டா?
சுன்னாகம்

உண்டு, அதற்கு மேல் ஒன்று தேவையும் இல்லை. மார்செல் வான் கிளெம்பு எழுதிய 'தி கிரேட் புக் ஒஃப் கோர்கி', 1956 முதல் 1983 வரை, அதாவது முதல் காரிலிருந்து, கோர்கியைச் செய்த மெற்றோய் கம்பனி விழுந்த ஆண்டு வரை சொல்கிறது. எழுதியவர் அந்தக் கார்களையே வரைந்த தலைமை வடிவமைப்பாளர் என்பதுதான் இதன் பலம். வெளியே நின்று பார்த்தவர் ஊகித்து எழுத வேண்டியவற்றை இவர் உள்ளே இருந்து தெரிந்து எழுதுகிறார். உங்களிடம் உள்ள 201 ஒஸ்டின் கேம்பிரிட்ஜ், கோர்கியின் முதல் வரிசைக் கார்களில் ஒன்று. இலக்கத்தோடு 'எம்' சேர்ந்திருந்தால் உள்ளே உருட்டிவிடும் பொறி உள்ள வகை. பின்னுக்கு இழுத்துப் பார்க்காமல், முன்னுக்கு மெதுவாக உருட்டிப் பாருங்கள். புத்தகம் பாரமானது. தபாலில் எடுத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தொட்டுவிடும். லண்டனில் இருந்து திருவிழாவுக்கு வருகிற உறவினர் யாரிடமாவது சொல்லிவிடுங்கள்.

ராம்சே புத்தகத்தில் போட்டிருக்கும் விலையை ரூபாவுக்கு மாற்றித்தான் என் டிங்கி காருக்கு விலை சொன்னேன். கொழும்பில் இருந்து வந்தவர் அதில் ஐந்தில் ஒரு பங்குகூடத் தரமாட்டேன் என்கிறார். ஏமாற்றப் பார்க்கிறாரா?
நல்லூர்

ஐயா, அவர் ஏமாற்றவில்லை. உங்களை ஏமாற்றியது நீங்கள் வாசித்த விதம். இந்தக் கேள்வி மாதம் ஒருமுறையாவது வருகிறது. ஆகவே இம்முறை முழுவதாக எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தின் தலைப்புக் குறிப்புகளை வாசித்தீர்களா? அங்கே போட்டிருக்கும் விலை, ஏறக்குறையக் கடையில் இருந்து வந்த நிலையிலேயே இருக்கும் காருக்கும் அதற்குரிய பெட்டிக்கும் சேர்த்து, இங்கிலாந்துச் சந்தையில் கிடைக்கக்கூடிய விலை. உங்கள் காரை எடுத்துக்கொள்வோம். புத்தகம் 100 பவுண் என்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி இல்லை: பாதி போயிற்று. கூரை விளிம்பிலும் முன்விளக்குகளைச் சுற்றியும் நிறம் உதிர்ந்து உலோகம் தெரிகிறது: மிச்சம் 15, கூடினால் 20. ஏலத்தில் விற்றால் விற்பவரிடம் ஏறத்தாழ 15 வீதம் கழிப்பார்கள். தபால், காப்புறுதி வேறு. ஒரு பவுண் 400 ரூபாய் என்று கணக்குப் பார்த்தாலும் உங்கள் கைக்கு வருவது ஐயாயிரம் ரூபாய் அளவில்தான். கொழும்புக்காரர் அதற்குக் கிட்டத்தட்டத்தான் கேட்டிருக்கிறார்.

உங்கள் பதிப்பு எந்த ஆண்டுக்குரியது என்றும் நீங்கள் எழுதவில்லை. ஐம்பதுகளில் டிங்கியோடு விளையாடிய பிள்ளைகள்தான் பிற்காலத்தில் பணம் சேர்ந்தபோது அவற்றைத் தேடி வாங்கி விலையை ஏற்றினார்கள். இன்று அவர்களுக்கு வயது எண்பதை நெருங்குகிறது. அவர்களின் சேகரிப்புகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்கு வருகின்றன. சாதாரண வகைகளின் விலை பல இடங்களில் இறங்கியிருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்திய பதிப்பை வைத்துக்கொண்டு இன்றைய விலை பேசுவது வீண் சண்டை.

யாழ்ப்பாணத்தில் பெட்டியோடு கார் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிது என்பதும் எல்லோருக்கும் தெரியும். 1995 இடப்பெயர்வில் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போனவர்கள் கடதாசிப் பெட்டியையா பார்த்திருப்பார்கள்? கார் பிழைத்ததே பெரிய காரியம். அந்தக் காரை இங்கிலாந்தில் கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த காரோடு ஒரே வரியில் வைத்து விலை பேசக்கூடாது.

புத்தகத்தின் விலைப் பட்டியல் செய்கிற பெரிய கேடு வேறு. புத்தக விலைக்கு ஆசைப்பட்டு மனிதர்கள் காருக்குப் புதிதாக நிறம் அடிக்கிறார்கள். அடித்த அன்றே பெறுமதி போய்விடும். நீங்களும் பெயின்ற் கடைக்குப் போக முன் சொல்கிறேன்: அடிக்காதீர்கள். பழகியவர் கண்ணுக்கு அது உடனே தெரியும். அடித்தகட்டைப் பிடித்திருக்கும் தறையாணி துளைக்கப்பட்டு அங்கே திருகாணி இருக்கும். பம்பரின் வெள்ளிப் பூச்சு விளிம்பு தாண்டியிருக்கும். அடித்தகட்டு உடலோடு சேரும் விளிம்பில் புது நிறம் தடித்து நிற்கும். அறுபது எழுபது வருடம் ஓடிய காருக்குப் புத்தம் புதிய றப்பர் ரயர் இருந்தாலும் சந்தேகப்படுங்கள். ரயரும் பெட்டியும்கூட இப்போது போலியாக வருகின்றன.

புத்தகம் காரை அடையாளம் காண்பதற்கு. விலை என்பது உங்கள் முன் நிற்கும் காருக்கும் உங்கள் முன் நிற்கும் மனிதருக்கும் இடையில் உள்ள விஷயம்.

அடியில் 'நிக்கி' என்று இருக்கிறது, ஆனால் பார்க்க டிங்கி போலவே இருக்கிறது. போலியா?
பருத்தித்துறை

போலி அல்ல. லிவர்பூலில் டிங்கி பயன்படுத்தி முடித்த அச்சுகள் இந்தியாவுக்குப் போய், அறுபதுகளின் பிற்பகுதியில் இருந்து கல்கத்தாவில் நிக்கி என்ற பெயரில் வார்க்கப்பட்டன. வார்ப்பு கொஞ்சம் கரடுமுரடு, நிறமும் மெல்லியது. தலைமன்னார், ராமேஸ்வரம் கப்பல் ஓடிய காலத்தில் பிள்ளைகளுக்கென்று சூட்கேசில் வந்தவை இங்கே சில வீடுகளில் இருக்கலாம். ஆங்கிலப் புத்தகங்கள் இவற்றுக்கு ஓரமாகத்தான் இடம் கொடுக்கின்றன. எழுபதுகளில் இங்கே இறக்குமதி இறுகிப்போன காலத்துச் சிறு பிள்ளைகளின் உலகத்தைச் சொல்பவை இவையும்தான். கழுவாமல், துலக்காமல் அப்படியே வையுங்கள்.

மச்பொக்ஸ் மொறிஸ் மைனர் நீலமும் உண்டு, பழுப்பும் உண்டு என்கிறார்கள். எது நல்லது?
கோண்டாவில்

நீலம் பழுப்பைவிடப் பரவலாகக் கிடைக்கும். பழுப்பு அரிது. அரிது என்பதனாலேயே நீலத்துக்குப் பழுப்பு அடித்து விற்கிறார்கள். அடித்தகட்டைப் பாருங்கள்.

போருக்கு முந்திய டிங்கி ஒன்று. புத்தகப் படத்தில் நேராக இருக்கிறது, என்னுடையது வளைந்து வெடித்திருக்கிறது. நிமிர்த்தலாமா?
அளவெட்டி

தொடாதீர்கள். அந்தக் காலத்து துத்தநாகக் கலவையில் ஈயம் போன்ற அழுக்கு கலந்துவிட்டால் உலோகம் உள்ளிருந்தே வீங்கி வெடிக்கும். மருந்து இல்லை. அழுத்தினால் பொடியாகும். ஈரமும் வெப்பமும் இதை விரைவாக்கும், எனவே தகர அலுமாரியை விட்டு வெளியே எடுங்கள். மற்றக் கார்களுக்கு இது தொற்றாது, பயம் வேண்டாம்.

பல்கலைக்கழக மாணவன். இந்தப் புத்தகங்களை வாங்க வசதி இல்லை. வேறு வழி?
திருநெல்வேலி

தம்பி, வழி இருக்கிறது. மெக்கானோ மகசின், டிங்கியைச் செய்த மெக்கானோ கம்பனி 1916 இல் இருந்து வெளியிட்ட சஞ்சிகை. டிங்கியின் புதிய கார்களுக்கான விளம்பரங்கள் அதில் வந்தன. அதன் பழைய இதழ்களின் பக்கப் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. கம்பனிகளே அடித்த வருடாந்தக் கட்டலொக்குகளின் பக்கங்களும் கிடைக்கும். மைக், சூ ரிச்சர்ட்சன் தம்பதி 1981 இல் வெளியிட்ட டிங்கி வரலாறு போன்ற பெரிய நூல்களுக்கும் இவைதான் மூலப்பொருள். ஒரு கொப்பியில் மாதவாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள்: இலக்கம், பெயர், விளம்பரத்தில் சொன்ன நிறம். ஆறு மாதத்தில் உங்களிடம் உங்கள் சொந்தப் பட்டியல் இருக்கும்.

புத்தகத்தில் இராமபாணப் பூச்சி. மருந்து அடிக்கலாமா?
காரைநகர்

தாளில் அடிக்காதீர்கள், கறை பிடிக்கும். பக்கங்களைத் தூரிகையால் தட்டி, நிழலில் காற்றாட விரித்துவிட்டு, சுவரில் ஒட்டாத தட்டில் நிமிர்த்தி வையுங்கள். காரைநகரின் உப்புக் காற்றுக்கு மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவது அவசியம். காரின் பெட்டி இருந்தால் அதையும் அப்போதே பாருங்கள்.