முட்டி வலியா? தண்ணீருக்குள் நடந்து பாருங்கள்

"வயது ஐம்பதை நெருங்குகிறது. மருத்துவர் உடற்பயிற்சி செய்யச் சொல்கிறார். எதை ஆரம்பித்தாலும் சீக்கிரமே வெறுத்துப்போகிறது. உடம்பை வருத்தாமல், விரும்பிச் செய்கிற மாதிரி ஏதாவது உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கும் முட்டியிலோ இடுப்பிலோ வலி இருக்க வேண்டும். வெறுப்புக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்கு முட்டித் தேய்மானம். நடக்கச் சொன்னார்கள். நடந்தால் அன்று இரவே முட்டி வீங்கிவிடும். வீங்கினால் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். ஓய்வெடுத்தால் எடை ஏறும், தொடைத் தசை இளைக்கும், முட்டிக்குத் தாங்கல் குறைந்து வலி இன்னும் கூடும். இதற்கு நடுவில் "எல்லாம் மனசு வைத்தால் முடியும்" என்கிற அறிவுரை வேறு. அப்படிச் சொன்னவர்கள் யாருக்கும் மாடிப்படி இறங்குவது ஒரு வேதனையாக இருந்ததில்லை. அந்தப் பேச்சு தந்த காயம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் ஒரு பிசியோதெரபிஸ்ட் நீச்சல் குளத்தில் நடக்கச் சொன்னார். நீச்சல் தெரியாதே என்றேன். தெரிய வேண்டாம், மார்பளவு தண்ணீர் போதும் என்றார். இறங்கி நாலு எட்டு வைத்ததுமே வித்தியாசம் தெரிந்தது. அவ்வளவு ஆழத்தில் நம் கால்கள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மிச்சத்தைத் தண்ணீர் ஏந்திக்கொள்கிறது. இடுப்பளவு என்றால் பாதி.

"இதெல்லாம் ஒரு உடற்பயிற்சியா?" என்று கேட்பவர்கள் ஒருமுறை இறங்கிப் பார்க்கட்டும். கையைக் கத்தி போலப் பக்கவாட்டில் வைத்து வீசினால் தண்ணீர் வழிவிடும். அதே கையின் உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ளினால் தோள்பட்டை வரை இழுக்கும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு கிட்டத்தட்ட நான்கு மடங்காகும். அதனால் வலி இருக்கும் நாளில் மெதுவாக, தெம்பான நாளில் வேகமாக என்று பளுவை நாமே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்தது பின்னோக்கி நடப்பது. கால்விரல் தரையைத் தொட்டுத் தேடும், முதுகு முழுக்கத் தண்ணீர் அழுத்தும், பின்தொடை நன்றாக வேலை செய்யும். அந்த அரைமணி நேரத்துக்காக நான் காத்திருக்கிறேன், அதைத்தான் உங்களுக்கும் சொல்ல விரும்புகிறேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு. ஒரே மூச்சில் 10 நிமிடமாவது செய்ய வேண்டும் என்ற பழைய நிபந்தனையை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான அளவு. தண்ணீரில் நாடித்துடிப்பு தரையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம், அதனால் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சோர்ந்துபோகாதீர்கள். தினம் 10,000 காலடி நடக்க வேண்டும் என்பதும் மருத்துவ வரம்பு அல்ல. 1960களில் ஜப்பானில் காலடி எண்ணும் கருவி ஒன்றோடு பரவிய எண் அது.

எலும்பு வலுவுக்கு இது மட்டும் போதாது என்று யாராவது பின்னூட்டம் போடுவார்கள். சரிதான். தண்ணீர் எடையைத் தாங்குவதால் எலும்புக்குப் பளு குறைவு. அதற்காக வீட்டில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருகிறேன். குளத்துக்குப் போக வழியில்லாதவர்கள் மெதுவான அசைவுகள் கொண்ட சீனப் பயிற்சியான தாய்ச்சி பழகலாம், வயதானவர்கள் கீழே விழுவதை அது குறைக்கிறது. அறைக்குள் பாட்டுப் போட்டு ஆடினாலும் நல்லதுதான், யாரும் குறை சொல்ல முடியாது.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் பார்த்த குளங்களில் பலவற்றில் இறங்க ஒரே வழி, சுவரோடு செங்குத்தாக நிற்கும் இரும்பு ஏணி. முட்டி வலிக்காரர் தண்ணீருக்குள் லேசாகிவிட்டு, வெளியே வரும்போது முழு எடையோடு அந்த வழுக்கும் கம்பியில் ஏற வேண்டும். இதைக் கட்டுபவர்கள் யாரை நினைத்துக் கட்டுகிறார்கள்? உடம்பு சரியாக இருப்பவர்களுக்கு மட்டுமா குளம்? கேட்டால் "யாரும் புகார் சொன்னதில்லை" என்கிறார்கள். ஏற முடியாதவர் வருவதையே விட்டுவிடுகிறார், புகார் எப்படி வரும்?

அதனால் பணம் கட்டும் முன் நேரில் போய், அகலமான படிக்கட்டும் கைப்பிடியும் இருக்கிறதா, ஆழம் எங்கெங்கே எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். இதய நோய், வலிப்பு, ஆறாத புண் இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு இறங்குங்கள்.