எவர்சில்வர் குடமும் கனகாம்பரமும்: வாட்டர் கலர் கேள்வி – பதில்

வீட்டிலும் தெருவிலும் தினம் கண்ணில் படுவதை வரைவது பற்றி வந்த கேள்விகள் இந்த இதழில். பதில்களில் வரும் ‘பிபி’ (PB), ‘பிஒய்’ (PY) போன்ற எண்கள் நிறமிக் குறியீடுகள். டியூபின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும். பெயர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எண் மாறாது. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

எங்கள் தெருவில் வரைய என்ன இருக்கிறது? அபார்ட்மென்ட், மின்கம்பம், குப்பைத்தொட்டி. மலையும் ஆறும் இருக்கிற ஊர்க்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். — வாசகி, ஆவடி

மலையும் ஆறும் இருந்தால் காலண்டர் படம் போடத்தான் கை போகும். அபார்ட்மென்ட் சுவரே மேல்.

ஒரு தாளில் 8 செ.மீ. அளவில் நான்கு சதுரம் போடுங்கள். எதிர்வீட்டுச் சுவரையே காலை 7 மணி, பகல் 12, மாலை 5, பிறகு தெருவிளக்கு எரியும்போது என நான்கு தடவை வரையுங்கள். தடவைக்கு 20 நிமிடம் போதும். சன்னல் கம்பி, துணிக்கொடி எதுவும் வேண்டாம். வெயில் படும் சுவர், நிழல் விழுந்த சுவர், வானம், இந்த மூன்றின் நிறம் மட்டும். பிரெஞ்சு ஓவியர் மோனே 1890–91இல் ஜிவெர்னி கிராமத்தில் வைக்கோல் போர்களை வைத்துச் செய்த வேலையும் இந்த வகைதான். போர் அதுவே, வெளிச்சம்தான் வேறு வேறு. இத்தாலியில் பொலோன்யா ஊரின் மொராந்தி (1890–1964) வீட்டில் கிடந்த பாட்டில்களையும் ஜாடிகளையும் இடம் மாற்றி மாற்றி வைத்தே பல பத்தாண்டுகள் வரைந்தார்.

இதற்கு ஒரு கருவி வேண்டும், காசு செலவில்லை. நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கச் சாம்பல் அட்டையில் பஞ்சிங் மெஷினால் இரண்டு ஓட்டை போடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஒரு ஓட்டையில் வெயில்பட்ட சுவரும் மற்றதில் நிழல் சுவரும் தெரியும்படி பாருங்கள். கிரீம் கலர் என்று இத்தனை நாள் நம்பிய சுவர், நிழலில் ஊதா கலந்த சாம்பலாகத் தெரியும். வெளிச்சம் எப்படி மாறினாலும் ‘இது கிரீம் சுவர்’ என்று மூளை திருத்திச் சொல்லிவிடுகிறது. சுற்றியுள்ளதை அட்டை மறைத்துவிட்டால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் நின்றுபோகும். கீழே வரும் பதில்களுக்கும் இந்த அட்டை தேவைப்படும், பத்திரமாக வையுங்கள்.

வாழை இலைக்கு டியூப் பச்சையைப் போட்டால் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கிறது. — வாசகர், தேனி

நீங்கள் போட்டது தாலோ கிரீனாக (பிஜி 7) இருக்க வேண்டும். அது நீலம் தூக்கலான, மிகக் கடுமையான பச்சை. அந்த நிறத்தில் இலை கிடையாது. தனியாகப் போடாதீர்கள்.

வாழைத் தோட்டத்தில் ஒரே மரத்தில் குறைந்தது நான்கு பச்சை இருக்கும். வெயிலுக்கு எதிரே நின்று பார்த்தால் ஒளி ஊடுருவி வரும் இலை, மஞ்சள் தூக்கலாக எரியும். வெயிலை முதுகுப்பக்கம் வைத்துப் பார்த்தால் இலையின் மேல்பக்கம் வானத்தைப் பிரதிபலித்து வெளிறிய நீலச் சாம்பலாக மினுங்கும். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். மூன்றாவது, நிழலில் தொங்கும் இலை. நான்காவது குருத்து.

ஒளி ஊடுருவும் இலைக்கு லெமன் எல்லோ (பிஒய் 3) நிறையக் கரைத்துக்கொண்டு, தாலோ நீலத்தை (பிபி 15:3) பிரஷ் நுனியால் தொட்டுச் சேருங்கள். வரிசை முக்கியம். நீலத்தைக் கரைத்து அதில் மஞ்சளைச் சேர்க்க ஆரம்பித்தால் பாதி டியூப் மஞ்சள் போனாலும் நிறம் வராது. தாலோ நீலத்தின் சாயபலம், அதாவது மற்ற நிறத்தை அமுக்கும் வேகம், அப்படி. மினுங்கும் பக்கத்துக்கு அல்ட்ராமரின் (பிபி 29) நீலத்தை நிறையத் தண்ணீரில் கரைத்து, முன்பு கலந்த பச்சையில் ஒரு சொட்டு சேர்த்தால் போதும். நிழல் இலைக்கு அல்ட்ராமரின் இரண்டு பங்கு, கொஞ்சம் ஆரஞ்சுச் சாயலுள்ள மஞ்சள் இரண்டு பங்கு, பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு (பிபிஆர் 7) ஒரு பங்கு. பர்ன்ட் சியன்னாவில் உள்ள சிவப்பு பச்சையின் கூச்சலை அடக்கும். குருத்துக்கு லெமன் எல்லோ வெளிறலாக ஒரு பூச்சு, அதோடு நிறுத்துங்கள். நடு நரம்புக்குத் தாளை வெள்ளையாக விட்டுவிட்டுக் கடைசியில் வெளிர்மஞ்சள் ஓட்டுங்கள்.

காற்றில் கிழிந்த இலையென்றால் கிழிசலைக் கோடாகப் போடாதீர்கள். கிழிசலுக்குப் பின்னால் தெரிவது பக்கத்து மரத்தின் நிழல். அந்த இருட்டைப் போட்டால் கிழிசல் தானாக வந்துவிடும்.

இன்னொன்று. பகலில் வெளியே வரைந்தால் வாஷ் (தண்ணீர் தூக்கலாகப் பரப்பும் பூச்சு) சீக்கிரம் அரைகுறையாகக் காயும். அந்த நேரத்தில் ஈர பிரஷை வைத்தால் காலிபிளவர் மாதிரி திட்டு விழும். ஒன்று, பளபளப்பு போகும் முன்பே இரண்டாவது நிறத்தைச் சேருங்கள். இல்லையென்றால் தொட்டால் குளிர்ச்சி தெரியாத அளவுக்குக் காயவிடுங்கள். நேர் வெயிலில் தாளை வைத்து வரைவதையும் தவிருங்கள். அங்கே பளிச்சென்று தெரிந்த படம் வீட்டுக்குள் வந்ததும் இருண்டு போகும்.

எவர்சில்வர் குடத்தை எத்தனை தடவை வரைந்தாலும் மண்பானையாகத்தான் வருகிறது. சில்வர் கலர் வாங்க வேண்டுமா? — வாசகி, கும்பகோணம்

வேண்டாம். சில்வர் கலர் தாளில் ஈயப்பூச்சாக உட்கார்ந்துவிடும், எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மினுக்கு. எவர்சில்வருக்குச் சொந்த நிறம் அநேகமாகக் கிடையாது, எதிரில் இருப்பதைக் காட்டும். உருண்டைக்கு விளிம்பை நோக்கி மெதுவாக இருட்டாக்கி நிழல் போடுகிறோமே, அந்தப் பழக்கம்தான் மண்பானையைக் கொண்டுவருகிறது. பளபளப்பான உலோகத்தில் மிகப் பெரிய வெளிச்சமும் மிகப் பெரிய இருட்டும் ஒட்டி ஒட்டி இருக்கும், நடுவில் படிப்படியான மாற்றமே இல்லாமல்.

குடத்தைச் சன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். வயிற்றின் மேல்பகுதியில் சன்னல் வளைந்து சின்னதாகத் தெரியும், கம்பிகளைக்கூட எண்ணலாம். அதையடுத்துச் சன்னல் சுவரின் பிரதிபலிப்பு. சுவர் சுண்ணாம்பு வெள்ளையாகவே இருந்தாலும் வெளிச்சத்துக்கு முதுகு காட்டுவதால் அங்கே கருப்புப் பட்டையாகத் தெரியும். வயிற்றின் கீழ்ப்பாதி முழுக்கத் தரை. சிவப்பு ரெட் ஆக்சைடு தரையென்றால் குடத்தின் அடிப்பாதி செங்கல் நிறம்தான், தயங்காமல் போடுங்கள். இப்போது கழுத்தைப் பாருங்கள். அங்கே வரிசை தலைகீழ். கழுத்து உள்ளே வளைந்திருப்பதால் வாய்விளிம்புக்கு அடியில் இருக்கும் பகுதி கீழ்நோக்கிப் பார்க்கிறது, அதில் வயிறும் தரையும் தெரியும். கழுத்தின் அடிப்பகுதி மேல்நோக்கிப் பார்ப்பதால் அதில் விட்டமும் சன்னலும். வயிற்றில் மேலே வெளிச்சம், கீழே இருட்டு. கழுத்தில் மேலே இருட்டு, கீழே வெளிச்சம். இந்த ஒன்று சரியாக அமைந்தால் பாதிக் குடம் முடிந்தது.

பென்சிலில் வெளிக்கோடு போட்டதும் உள்ளே தெரியும் பிரதிபலிப்புகளில் பெரியதாக ஐந்தாறு மட்டும் எல்லைக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். மீதியை விடுங்கள். சன்னல் துண்டைத் தாளின் வெள்ளையாகவே விட்டுவிட்டு, மற்ற இடத்தில் அல்ட்ராமரினும் பர்ன்ட் சியன்னாவும் கலந்த வெளிர்சாம்பல் ஒரு பூச்சு. காய்ந்ததும் தரை நிறம். கடைசியில் அதே இரண்டையும் தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் கலந்து கருப்புப் பட்டைகள். விளிம்பைக் கழுவி மிருதுவாக்காதீர்கள்.

தேய்த்துத் தேய்த்துப் பழசான குடத்தில் நுண்கீறல்கள் இருக்கும், பிரதிபலிப்பு கலங்கி இழுபட்டுத் தெரியும். அதற்கு மட்டும் காய்ந்த பிரஷைக் கீறல் ஓடும் திசையில் லேசாக இழுக்கலாம். பித்தளைக்கும் இதே முறைதான். ஆனால் பித்தளை தன் மஞ்சளை எல்லாப் பிரதிபலிப்பின் மேலும் ஏற்றிவிடும், சன்னல் வெளிச்சம்கூட வெளிர்மஞ்சளாகத்தான் இருக்கும்.

வெள்ளை வேட்டியின் மடிப்புக்குச் சாம்பல் போட்டால் அழுக்கு வேட்டியாகிறது. — வாசகர், காரைக்குடி

கருப்பைத் தண்ணீரில் கரைத்து வரும் சாம்பலைத்தான் போட்டிருப்பீர்கள். திறந்தவெளியில் நிழல் மடிப்புக்கு ஒளி தருவது நீல வானம். அல்ட்ராமரினை மிக வெளிறலாகக் கரைத்து, நுனியளவு பர்ன்ட் சியன்னா சேருங்கள். தரையை ஒட்டிய மடிப்புகளில் தரை வெளிச்சம் எம்பி அடிக்கும். செம்மண் தரையென்றால் அங்கே யெல்லோ ஓக்கர் என்ற மண்மஞ்சள் சாயல் வரும். மேலே குளிர்ச்சி, கீழே சூடு. அவ்வளவுதான். வேட்டிக்கு நீலம் போடுவதும் இதே கணக்கில்தான். பழைய நீலத்தூள் பெரும்பாலும் செயற்கை அல்ட்ராமரின். துணியில் ஏறும் மஞ்சளை அது அடக்குவதால் வெளுப்பாகத் தெரிகிறது.

பூக்கடையில் பார்க்கும் கனகாம்பர நிறம் தாளில் வரவே மாட்டேன் என்கிறது. ஃபுளோரசென்ட் கலர் போடலாமா? — வாசகி, திண்டுக்கல்

போட்டால் பளிச்சென்று இருக்கும், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் வெளிறிவிடும். ஃபுளோரசென்ட் சாயங்கள் வெளிச்சத்தில் நிற்காது.

லெமன் எல்லோவும் ரோஸும் கலந்து பார்த்திருப்பீர்கள். லெமன் எல்லோவில் பச்சைச் சாயலும் ரோஸில் நீலச் சாயலும் ஒளிந்திருப்பதால் இரண்டும் சேர்ந்தால் ஆரஞ்சு சற்று மங்கும். ஆரஞ்சை நோக்கிச் சாயும் மஞ்சளையும் ஆரஞ்சை நோக்கிச் சாயும் சிவப்பையும் சேருங்கள். அல்லது ஒரே நிறமியில் வரும் பைரோல் ஆரஞ்சு (பிஒ 73) வாங்குங்கள். விலை அதிகம், ஆனால் சிறு டியூப் வெகுநாள் வரும்.

இத்தனை செய்தும் போதவில்லையென்றால் கோளாறு பக்கத்து நிறத்தில் இருக்கும். பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த செவ்ரல் என்ற வேதியியலாளரிடம், கருப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கருப்பை அமுக்கின என்று கண்டறிந்து, 1839இல் அதைப் பெரிய நூலாகவே எழுதினார். கனகாம்பரத்துக்கு இதைத் திருப்பிப் போடுங்கள். பூவைச் சுற்றி மங்கிய நீலப்பச்சை வரட்டும்: கூடையில் விரித்த வாழை இலையின் நிழல், பக்கத்து மரிக்கொழுந்து. மஞ்சள் சாமந்தியையும் சிவப்பு ரோஜாவையும் ஒட்டி வைக்காதீர்கள், மூன்றும் சண்டை போட்டு மூன்றும் தோற்கும். பூவைத் தனித்தனியாக எண்ணி வரையவும் வேண்டாம். குவியலை ஒரே நிறத்திட்டாகப் போட்டு, ஓரத்தில் ஐந்தாறு பூவுக்கு மட்டும் இதழ் காட்டினால் மீதியைக் கண் பார்த்துக்கொள்ளும்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மஞ்சள், பீட்ரூட், சங்குப்பூ, காவி இவற்றிலிருந்து வண்ணம் செய்துகாட்ட ஆசை. நிற்குமா? — ஆசிரியை, புதுக்கோட்டை

காவி நிற்கும், மற்றவை நிற்காது. காவி இரும்பு ஆக்சைடு, வெயில் அதை ஒன்றும் செய்யாது. மஞ்சள் வெளிச்சத்தில் வேகமாக வெளிறும், பீட்ரூட் பழுப்பாகிவிடும். ஆனால் வகுப்பில் காட்ட அவைதான் சுவாரசியம்: மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் நடப்பதும் அதுதான். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் நீலம் ஊதாவாகி இளஞ்சிவப்பை நோக்கிப் போகும்.

காவியில் உண்மையான வாட்டர் கலரே செய்யலாம். காவியைத் தண்ணீரில் கலக்கி அரை நிமிடம் விடுங்கள். மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை வேறு கிண்ணத்தில் இறுத்து, ஒருநாள் தெளியவிட்டு, அடியில் படியும் மென்வண்டலைக் காயவையுங்கள். வேலம்பிசின் ஒரு பங்கை இரண்டு பங்கு வெந்நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டுங்கள். வண்டல் ஒரு பங்கு, பிசின்நீர் ஒரு பங்கு, தேன் சில சொட்டு, பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கிராம்பு எண்ணெய் ஒரு சொட்டு. கண்ணாடிப் பலகையில் அடிப்பக்கம் தட்டையான கண்ணாடிக் குப்பியால், நெறுநெறுப்பு சத்தம் அடங்கும்வரை அரையுங்கள். தாளில் தடவிக் காயவிட்டுப் பாருங்கள். விரலில் தூளாக ஒட்டினால் பிசின் குறைவு. பளபளத்து விரிசல் விட்டால் பிசின் அதிகம். கட்டி காயாமல் பிசுபிசுத்தால் தேன் கூடிவிட்டது.

கருப்பான முகத்துக்கு பிரவுனில் கருப்பு சேர்த்தால் உயிரில்லை. — வாசகர், மதுரை

கருப்பு டியூபை மூடி வையுங்கள். பர்ன்ட் சியன்னா, குயினாக்ரிடோன் ரோஸ் (பிவி 19), அல்ட்ராமரின் மூன்றும் போதும். நிழலுக்கு அல்ட்ராமரினைக் கூட்டுங்கள். காது மடலிலும் மூக்கு நுனியிலும் ரோஸைக் கூட்டுங்கள். வெளியே நிற்கும் ஆள் என்றால் நெற்றியிலும் கன்னத்து எலும்பிலும் மினுங்குவது வானம். அங்கே வெளிர்நீலம்தான் வரும், வெளிர் பிரவுன் வராது. ஓட்டை அட்டையில் பார்த்துவிட்டுப் போடுங்கள். போனில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். முகம் பளிச்சென்று வந்தால் பின்னணி வெளுக்கும், பின்னணி சரியாக வந்தால் முகம் கரியாகும்.

இரண்டு வருடம் முன் வாங்கிய நல்ல தாளில் இப்போது வாஷ் போட்டால் அங்கங்கே கருந்திட்டு விழுகிறது. — வாசகி, நாகப்பட்டினம்

கடலோர ஈரத்தில் தாளின் சைசிங் கெட்டுவிட்டது. சைசிங் என்பது நிறம் உடனே உறிஞ்சப்படாமல் மேலே நிற்கத் தாளில் ஏற்றும் பசை. அது போன இடத்தில் தாள் நிறத்தைக் குடித்துவிடும், திட்டாகத் தெரியும். பழைய தாளில் வேலை தொடங்கும் முன் வெறும் தண்ணீரைப் பட்டையாக ஓட்டிச் சாய்த்துப் பாருங்கள். ஈரம் உடனே உள்ளே இறங்கி இருண்ட புள்ளிகள் தெரிந்தால் அந்தத் தாளில் வாஷ் வேண்டாம், பேனா ஸ்கெட்சுக்கும் போஸ்டர் கலருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். இனி 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) தாளாக, ஆறு மாதத் தேவைக்கு மட்டும் வாங்குங்கள். கனமான பிளாஸ்டிக் உறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி, சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து உயரத்தில் படுக்கை வாட்டமாக வையுங்கள். மழை மாதங்களில் ஜெல் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.