ஸ்கேனில் ஒன்றுமில்லை, ஆனாலும் வலிக்கிறது

கேள்வி: டாக்டர், நான் கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் போய்வருகிறவள். பையன் முழிக்குமுன்னே கிளம்பிவிடுவேன். ஒன்பது வயது அவனுக்கு. இரண்டு மாதமாகக் காலையில் வயிற்றுவலி, குமட்டல், அழுகை. சனிக்கிழமை லீவுதான், அன்றைக்கும் வலிக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. ஸ்கேனில் ஒன்றுமில்லை. மாமியார் தாயத்து கட்டிவிட்டார். 'பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறான், நாலு போடு' என்கிறார் வீட்டுக்காரர். நடிக்கிறானா?
– வாசகி, கம்பம்

பதில்: நடிப்பில்லை அம்மா. அடிக்க வேண்டாம். பள்ளிக்கூடம்தான் காரணம் என்றால் சனிக்கிழமை வலிக்கக் கூடாதே? ஞாயிறு மட்டும்தான் நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், அன்றைக்கு வலியும் இல்லை. அவன் பயம் உங்கள் ஜீப்பைப் பற்றியதாக இருக்கலாம். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்த வீடியோ எதையாவது போனில் பார்த்தானா, யாராவது அவன் முன்னால் பேசினார்களா என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். பயம் வந்தால் குடல் நிஜமாகவே இறுகும், குமட்டும், அது ஸ்கேனில் தெரியாது.

இதைப் பிரிவுப் பதற்றம் என்போம். இரண்டு வயதில் அம்மா நகர்ந்தால் அழுவது இயல்பு, ஒன்பது வயதில் நாலு வாரத்துக்கு மேல் நீடித்து அன்றாடத்தையே கெடுத்தால் சிகிச்சை வேண்டும். தூங்கும்போது சொல்லாமல் போகாதீர்கள், அது பயத்தைக் கூட்டும்; எழுப்பி, எப்போது திரும்புவேன் என்று சொல்லிவிட்டுப் போங்கள். தோட்டத்தில் டவர் கிடைக்காது என்றால் போன் பண்ணுகிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். வலிக்கிறது என்று தினமும் வீட்டில் நிறுத்தினால் பயம் இன்னும் வளரும், அதனால் டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி அனுப்புங்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் பேச்சுவழிச் சிகிச்சைதான், மாத்திரை அப்புறம். தாயத்து இருக்கட்டும், அதோடு டாக்டரிடமும் காட்டுங்கள்.

இன்னொன்றும் கேட்டே ஆக வேண்டும். நீங்கள் இல்லாத நேரத்தில் அவன் யாரிடம் இருக்கிறான்? யாராவது அடிக்கிறார்களா, தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார்களா என்று தனியாக வைத்துக் கேளுங்கள். அப்படி ஏதாவது இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள். ராத்திரி தூக்கத்தைக் கலைக்கும் வலி, எடை குறைவது, மலத்தில் ரத்தம் என்றால் திரும்பவும் குழந்தைகள் டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: நான் ஜீப் டிரைவர். திடீரென்று நெஞ்சு படபடத்து, வேர்த்துக் கொட்டி, செத்துவிடுவேன் போலிருக்கிறது. இசிஜி, எக்கோ எல்லாம் நார்மல். மனநல டாக்டர் மாத்திரை எழுதினார். பழகிவிடுமோ என்று சாப்பிடவில்லை.
– வாசகர், குமுளி

பதில்: இதயத்தைப் பரிசோதித்தது சரியான காரியம். தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள், அதன் கோளாறும் இப்படிக் காட்டும். இரண்டும் சரி என்றால் இது பீதித் தாக்குதலாக இருக்கலாம். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும், ஆளைக் கொல்லாது. அடுத்தது எப்போது வருமோ என்று பயந்து வண்டியையே தொடாமல் இருப்பதுதான் பெரிய தொல்லை.

மாத்திரையில் இரண்டு வகை. எஸ்.எஸ்.ஆர்.ஐ என்பது பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தினமும் போடுகிற மாத்திரை; போதையாகப் பழகாது, ஆனால் வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரமாவது ஆகும். நாலு நாள் போட்டுப் பார்த்து 'கேட்கவில்லை' என்று விடுகிறவர்கள்தான் அதிகம். நிறுத்துவதாக இருந்தாலும் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். அல்பிரசோலம் மாதிரியானது உடனே கேட்கும், நீண்ட நாள் போட்டால் பழகும், தூக்கமும் வரும். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஓட்டுகிற நீங்கள் அதை டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. எழுதிக் கொடுத்தது எந்த வகை என்று டாக்டரிடமே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. கட்டன் சாயாவையும் (பால் விடாத டீ) கொஞ்சம் குறையுங்கள், அதுவும் படபடப்பைக் கூட்டும்.

கேள்வி: அக்காவுக்கு மாதக்கணக்கில் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை. டாக்டரிடம் போனால் ஊர் பேசும் என்கிறாள். யாருக்கும் தெரியாமல் எங்கே கேட்பது?
– வாசகி, போடி

பதில்: இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே மனச்சோர்வா என்று பார்க்க வேண்டும், உங்கள் அக்கா மாதக்கணக்கில் தள்ளியிருக்கிறார். 14416-ஐ அழைக்கச் சொல்லுங்கள், டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம். நேரில் என்றால் தேனி மாவட்டம் க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. சாகிற பேச்சு வந்தால் மட்டும் ஊர் பேச்சையெல்லாம் பார்க்காதீர்கள், தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.