சோம்பேறி யார்?

கேள்வி: அமெரிக்கப் பெண்கள் பாடும் புசிகேட் டால்ஸ் குழுவின் பாடகி நிக்கோல் ஷெர்சிங்கர் 2007-ல் தனி ஆல்பம் என்று ஆரவாரமாக அறிவித்து, பாட்டு பாட்டாக விட்டார். ஆல்பம் மட்டும் வரவே இல்லை. மேடையில் ஆட நேரமிருந்தவருக்கு ஒரு ஆல்பத்தை முடிக்க நேரமில்லையா? சோம்பல்தானே?

பதில்: ஆல்பத்தை முடிப்பது வேறு, வெளியிடுவது வேறு. முன்னது பாடகியின் வேலை. பின்னது, ஒப்பந்தத்தில் இருக்கும்வரை, இசைக் கம்பெனியின் விருப்பம். நிக்கோல் பாடாமல் உட்கார்ந்திருக்கவில்லை. முதலில் வந்த 'வாட்எவர் யூ லைக்' அமெரிக்காவில் எடுபடவில்லை. 'பேபி லவ்' ஐரோப்பாவில் சில நாடுகளில் நன்றாகவே ஓடியது, அது போதவில்லை. வெளியீட்டுத் தேதி தள்ளிப்போனது. அப்புறம் தேதி என்பதே இல்லாமல் போனது.

பெரிய கம்பெனிகளின் வழக்கமான ஒப்பந்தம் எப்படி என்று தெரியுமா? ஒலிப்பதிவுச் செலவைக் கம்பெனி முன்பணமாகக் கொடுக்கும். பிறகு அதைப் பாடகியின் ராயல்டியிலேயே, அதாவது விற்பனையில் அவருக்குச் சேரவேண்டிய பங்கிலேயே, பிடித்துக்கொள்ளும். பிடித்து முடித்த பின்பும் மாஸ்டர் என்கிற மூல ஒலிப்பதிவு கம்பெனிக்கே சொந்தம். கடனை அடைத்த பிறகும் வீட்டுப் பத்திரம் வட்டிக்காரரிடமே இருப்பது மாதிரி. இதைவிட மோசம், ஒப்பந்தம் ஆண்டுக் கணக்கில் அல்ல, ஆல்பக் கணக்கில் ஓடும். ஆல்பம் வராவிட்டால் கணக்கும் நகராது. வேறு இடத்தில் போய்ப் பாடவும் முடியாது.

பிரிட்டனின் பாடகி ரே 2014-ல் நான்கு ஆல்பங்களுக்குக் கையெழுத்துப் போட்டார். ஏழு ஆண்டுகள் காத்திருந்தார், ஒன்றுகூட வரவில்லை. அந்தச் 'சோம்பேறி' இதற்கிடையே பியான்சேவுக்கே பாட்டெழுதியவர். 2021-ல் பொறுக்க முடியாமல் ட்விட்டரில் கொட்டித் தீர்த்தார். சில வாரங்களில் கம்பெனியை விட்டு வெளியே வந்தார். 2023 பிப்ரவரியில் தானாகவே முதல் ஆல்பத்தை வெளியிட்டார். 2024-ல் ஒரே இரவில் பிரிட்டனின் இசை விருதுகளான பிரிட் விருதுகள் ஆறு. அதற்கு முன் அப்படி யாரும் வாங்கியதில்லை.

அமெரிக்காவின் பாடகி ஜோஜோவுக்கு முதல் ஆல்பம் வந்தபோது வயது 13. இரண்டாவது 2006-ல். மூன்றாவது 2016-ல்! நடுவில் ஓடியது கம்பெனியோடு வழக்கு. பழைய ஆல்பங்களின் மாஸ்டர் தன் கையில் இல்லாததால், 2018-ல் அந்த இரண்டையும் முதலிலிருந்து மறுபடி பாடிப் பதிவு செய்து வெளியிட்டார். சோம்பேறி செய்கிற காரியமா இது?

சரி, தாமதம் எல்லாமே கம்பெனியின் சதி என்றும் நான் சொல்லவில்லை. அமெரிக்க ராப் இசைக்கலைஞர் டாக்டர் டிரே 'டீடாக்ஸ்' என்ற ஆல்பம் வருகிறது, வருகிறது என்று பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டிருந்தார். கம்பெனி அவரே தொடங்கியது. கடைசியில் எனக்கே பிடிக்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டு, 2015-ல் 'காம்ப்டன்' என்று வேறொன்றை வெளியிட்டார். அவரைக் கலைஞர் என்றும், திருப்திப்படுத்த முடியாத மேதை என்றும் எழுதினார்கள். சோம்பேறி என்று கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லை.

நிக்கோலின் தனி ஆல்பம் வேறொன்று, 'கில்லர் லவ்', 2011-ல் வந்தது; அதிலிருந்து ஒரு பாட்டு பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. 2007-ன் ஆல்பத்துக்கு வைத்த பெயர் 'ஹெர் நேம் இஸ் நிக்கோல்'. அதற்காகச் சேர்த்த பாட்டுகளில் சில 2008-ல் கடைக்கு வந்தன. அட்டையில் இருந்த பெயர்: புசிகேட் டால்ஸ்.