பாஸ்கர்வில்: எழுத்து பாதி, மை பாதி

சென்ற இதழில் பாஸ்கர்வில் என்ற ஆங்கில எழுத்துருவைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான். ஆகவே இந்த முறை 'அச்சும் எழுத்தும்' பகுதி முழுக்க அதற்கே.

கேள்வி: என் மகள் தன் ஆய்வேட்டை ஆங்கிலத்தில் புத்தகமாகப் போடுகிறாள். டிடிபி செய்யும் தம்பி "பாஸ்கர்வில் போடலாம்" என்கிறார். டைம்ஸ் நியூ ரோமனுக்கு என்ன குறைச்சல்?
*– ஒரு வாசகர், கும்பகோணம்*

ஒரு குறைச்சலும் இல்லை. ஆனால் அது பத்திரிகைக்குப் பிறந்த பிள்ளை. லண்டன் 'தி டைம்ஸ்' நாளிதழ் 1932-ல் தனக்கென்று செய்துகொண்ட எழுத்து. ஒடுக்கமான பத்தியில் நிறையச் சொற்களை அடைக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. புத்தகப் பக்கத்தில் அந்த நெரிசலுக்கு அவசியமே இல்லை. பாஸ்கர்வில் கொஞ்சம் அகலம், உள்ளே காற்றோட்டம் அதிகம். அதனால் பக்கம் கூடும், காகிதச் செலவும் கூடும். அந்தக் கணக்கை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். மற்றபடி தம்பி விஷயம் தெரிந்தவர்தான்.

கேள்வி: யார் சார் இந்த பாஸ்கர்வில்? அச்சுக்காரரா, ஓவியரா?
*– கல்லூரி மாணவி, திருநெல்வேலி*

ஜான் பாஸ்கர்வில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்காரர், பதினெட்டாம் நூற்றாண்டு. இளமையில் பிள்ளைகளுக்குக் கையெழுத்து சொல்லிக்கொடுத்தார், கூடவே கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டினார். விளம்பரத்துக்காக அவர் செதுக்கி வைத்த ஒரு சிறிய பலகைக்கல் பர்மிங்காம் நூலகத்தில் இன்றும் இருக்கிறது. எந்த வகை எழுத்திலும் கல்லறைக் கல் வெட்டித் தரப்படும் என்ற சேதியை, ஒன்றுக்கொன்று வேறான எழுத்து வகைகளிலேயே வெட்டியிருக்கிறார்.

பணம் வந்தது வேறு வழியில். தட்டு, பெட்டி போன்ற சாமான்களுக்கு ஜப்பான் பாணியில் பளபளப்பான வார்னிஷ் பூசி விற்றார். அதில் பெரிய செல்வந்தரானார். 1750 வாக்கில், நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் எழுத்து வார்க்கும் வேலையில் கையை வைத்தார். வர்ஜிலின் லத்தீன் கவிதைகள் அவருடைய முதல் புத்தகமாக வெளிவந்தது 1757-ல். இடைப்பட்ட ஏழு ஆண்டும் செலவுதான், வரவு கிடையாது. வார்னிஷ் வியாபாரம் இல்லாமல் இது நடந்திருக்காது.

எழுத்தைக் கையால் வரைந்தது பாஸ்கர்வில். அதை எஃகுப் பஞ்சில், அதாவது எழுத்து வார்ப்பதற்கான எஃகு முத்திரையில், வெட்டியவர் ஜான் ஹாண்டி என்ற தொழிலாளி. அச்சு வரலாற்றில் முதலாளி பெயர்தான் எழுத்துருவுக்கு வரும், பஞ்ச் வெட்டியவர் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கும். ஈய எழுத்துகளை அடுக்கி வைக்கும் கம்போசிங் கேஸ் முன்னால் நின்று வளர்ந்த எனக்கு அதில் சற்று மனத்தாங்கல் உண்டு.

சரி, என்னதான் செய்துவிட்டார்? அன்றைய இங்கிலாந்தில் காஸ்லன் என்பவரின் எழுத்துதான் எங்கும். அதில் தடித்த கோட்டுக்கும் மெல்லிய கோட்டுக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. வளைவுகளின் தடிப்பு சாய்வாக விழும். பாஸ்கர்வில் மெல்லிய கோட்டை இன்னும் மெலிய வைத்தார், தடிப்பைக் கிட்டத்தட்ட நேர்குத்தாக நிறுத்தினார், செரிஃப் என்கிற, கோட்டு நுனியில் நிற்கும் சிறு கொம்புகளைக் கூர்மையாக்கினார். கையெழுத்து வாத்தியாரின் பேனா இதில் தெரிகிறது. அவருக்குப் பின்னால் பிரான்சில் தீதோ குடும்பமும் இத்தாலியில் போதோனியும் இதே பாதையில் வெகுதூரம் போனார்கள். காஸ்லன் ஒரு கரை, போதோனி மறுகரை என்றால் இவர் நடுவில் நிற்கிறார். ஆங்கிலத்தில் இந்த வகையை டிரான்சிஷனல், அதாவது இடைநிலை, என்கிறார்கள்.

ஆனால் அந்த மெல்லிய கோடு அன்றைய காகிதத்தில் நிற்காதே! அச்சுக் காகிதம் கம்பி வரிகளோடு மேடுபள்ளமாக இருக்கும். அதை ஈரமாக்கி, மெத்தென்ற அட்டை வைத்து, அழுத்தி அடிப்பார்கள். எழுத்து காகிதத்துக்குள் புதைந்து, மை பரவி, மெல்லிய கோடும் தடித்த கோடும் ஒன்றாகிவிடும். அதனால் மனிதர் எழுத்தோடு நிற்கவில்லை. அச்சு இயந்திரத்தின் அழுத்தும் தகட்டைச் சமதளமாக இழைத்தார், பின்னால் வைக்கும் மெத்தையைக் கடினமாக்கினார். ஆளி விதை எண்ணெயைக் காய்ச்சி, ஆற வைத்து, ஆழ்ந்த கறுப்பில் மை தயாரித்தார். ஜேம்ஸ் வாட்மன் ஆலையில் செய்த, கம்பி வரி தெரியாத வழவழப்பான காகிதத்தை அந்த வர்ஜிலின் ஒரு பகுதிக்குப் பயன்படுத்தினார். அச்சான தாளைச் சூடான செப்புத் தகடுகளுக்கு நடுவே வைத்து அழுத்தி, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி வெளியே எடுத்தார்.

என்னைக் கேட்டால் பாஸ்கர்வில் எழுத்துரு என்பது இது அத்தனையும் சேர்ந்ததுதான். கணினியில் நாம் தேர்ந்தெடுப்பது அதில் பாதி.

கேள்வி: அவர் எழுத்தைப் படித்தால் கண் கெட்டுவிடும் என்று சொன்னார்களாமே?
*– ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை*

சொன்னார்கள். அதற்குக் கிடைத்த பதில் அதைவிடச் சுவையானது. பெஞ்சமின் பிராங்க்ளின் தெரியுமல்லவா, மின்னலில் பட்டம் விட்டவர், அவரும் அடிப்படையில் அச்சுக்காரர்தான். 1760-ல் பாஸ்கர்விலுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் வரும் கதை இது.

ஒரு பெரிய மனிதர் பிராங்க்ளினிடம் வந்து, பாஸ்கர்வில் இந்த நாட்டில் படிப்பவர் எல்லோரையும் குருடாக்கப் போகிறார், கோடுகள் அவ்வளவு மெல்லிசு, ஒரு வரிகூட வலியில்லாமல் படிக்க முடியவில்லை என்றார். பிராங்க்ளின் உள்ளே போனார். காஸ்லனின் மாதிரித் தாளில் பெயர் இருந்த தலைப்பகுதியைக் கிழித்துவிட்டு, இது பாஸ்கர்விலின் எழுத்து, கோளாறு எங்கே என்று காட்டுங்கள் என்று நீட்டினார். வந்தவர் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, இங்கே அளவு சரியில்லை, அங்கே சரியில்லை என்று விளக்கினார். இப்போதுகூடக் கண் வலிக்கிறது என்றும் சொன்னார். அவர் ஆயுள் முழுக்க நிம்மதியாகப் படித்து வந்ததே அந்தக் காஸ்லன் எழுத்தில்தான் என்பதைப் பிராங்க்ளின் அவரிடம் சொல்லவில்லை, பாவம் என்று விட்டுவிட்டார்.

ஆனாலும் ஒன்று. பளபள காகிதத்தில் கருகரு மை கண்ணைக் கூசவைக்கும் என்பதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. வழவழ ஆர்ட் பேப்பரில் நாவல் படித்துப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

கேள்வி: ஒரு பக்கத்தைப் பார்த்து இது பாஸ்கர்வில் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
*– டிடிபி பயிலுநர், ஈரோடு*

சிறிய 'ஜி' எழுத்தைப் பாருங்கள். கீழ்ச்சுழி மூடாமல் வாய் திறந்து நிற்கும். இதுதான் முதல் சாட்சி. பெரிய 'கியூ'வின் வால் நடனமாடுகிற மாதிரி நீண்டு சுழலும். பெரிய 'ஈ' எழுத்தில் அடிக்கோடு மேற்கோட்டைவிட வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெரிய 'டபிள்யூ'வின் நடு முனையில் செரிஃப் இருக்காது. நாலில் மூன்று பொருந்தினால் பெயர் சொல்லிவிடலாம்.

கேள்வி: இவ்வளவு நல்ல எழுத்து நடுவில் ஏன் காணாமல் போனது?
*– ஒரு வாசகி, கோவை*

விற்கவில்லை, அவ்வளவுதான். 1758-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் அச்சுக்காரராக நியமனம் கிடைத்தது. அந்த உரிமைக்குப் பல்கலைக்கழகத்துக்கு அவர்தான் பணம் கட்ட வேண்டும்! 1763-ல் அவர் அச்சிட்ட பைபிள் இன்று பார்க்கிறவர்கள் வாய்பிளக்கும் புத்தகம். அன்றைக்குப் பிரதிகள் தேங்கி, மலிவு விலைக்குப் போயின.

1775-ல் அவர் இறந்த பிறகு உள்ளூரில் அந்த எழுத்துகளை வாங்க ஆளில்லை. 1779-ல் பிரெஞ்சு நாடகாசிரியர் பொமார்ஷே வாங்கிக்கொண்டு போனார். மதபீடத்தைச் சாடிய பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரின் முழுத் தொகுப்பை அச்சிட அவருக்கு நல்ல எழுத்து தேவைப்பட்டது. பிரான்சில் தணிக்கைத் தொல்லை, அதனால் ரைன் நதியைத் தாண்டி கேல் என்ற ஊரில் அச்சகம் போட்டார். எழுபது தொகுதிகள் வந்தன. கடவுள் நம்பிக்கை இல்லாத பாஸ்கர்விலின் எழுத்து பைபிளுக்கும் உழைத்தது, வால்டேருக்கும் உழைத்தது.

பிறகு அந்தப் பஞ்சுகள் பிரெஞ்சு ஃபவுண்டரிகளில், அதாவது எழுத்து வார்க்கும் பட்டறைகளில், கைமாறிக்கொண்டே இருந்தன. 1917 வாக்கில் புரூஸ் ராஜர்ஸ் என்ற அமெரிக்கப் புத்தக வடிவமைப்பாளர் கண்ணில் அதன் மாதிரி ஒன்று பட்டது. அவர்தான் தேடிப்போய் பாரிஸில் எழுத்து இருப்பதை வெளியே சொன்னார். 1923-ல் இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனம் இயந்திர கம்போசிங்குக்கு அதைப் புதிதாகச் செய்தது. அதன்பின் ஆங்கிலப் புத்தகங்களில் அது குடியேறிவிட்டது. மூலப் பஞ்சுகள் 1953-ல் பரிசாகக் கேம்பிரிட்ஜுக்கே திரும்பி வந்தன, தெபெர்னி எ பெய்ன்யோ என்ற பிரெஞ்சு ஃபவுண்டரியின் தயவில்.

கேள்வி: 'மிஸஸ் ஈவ்ஸ்' என்று ஒரு எழுத்துரு இருக்கிறதே, அது யார்?
*– வலைப்பக்க வடிவமைப்பாளர், சென்னை*

சாரா ஈவ்ஸ். பாஸ்கர்வில் வீட்டு நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர். கணவர் கைவிட்டுப் போய்விட்டார், பிள்ளைகள் வேறு. பிறகு பாஸ்கர்விலோடு சேர்ந்து வாழ்ந்தார், ஊர் வாய்க்கு நல்ல அவல். 1764-ல் முதல் கணவர் இறந்த செய்தி வந்ததும் இருவரும் முறைப்படி மணந்துகொண்டார்கள். பாஸ்கர்வில் இறந்த பிறகு பொமார்ஷேயிடம் எழுத்துகளை விற்றவரும் இவர்தான்.

1996-ல் அமெரிக்காவில் சுசானா லிட்ச்கோ பாஸ்கர்விலை ஒட்டி ஒரு எழுத்துரு செய்து அவர் பெயரை வைத்தார். அச்சுத்தொழிலால் மறக்கப்பட்ட பெண்களுக்கு ஒரு வணக்கம். எழுத்து அழகு. ஆனால் சிறிய எழுத்துகள் உயரம் குறைவு, இடைவெளி தாராளம். கவிதை நூலுக்கும் அழைப்பிதழுக்கும் சரி, 300 பக்க ஆய்வேட்டுக்கு வேண்டாம்.

கேள்வி: பாஸ்கர்வில்லில் அச்சிட்டால் பொய்யையும் நம்புவார்களாமே!
*– ஒரு வாசகர், சேலம்*

2012-ல் ஆவணப்பட இயக்குநர் எரோல் மோரிஸ் 'நியூயார்க் டைம்ஸ்' இணையத்தில் ஒரு சோதனை வைத்தார். ஒரே பத்தி, ஆறு எழுத்துரு, நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட வாசகர்கள். பாஸ்கர்வில்லில் படித்தவர்கள் கொஞ்சம் கூடுதலாக ஒப்புக்கொண்டார்கள். அந்தக் 'கொஞ்சம்' மிகக் கொஞ்சம். கட்சிக்காரர்கள் ஆசைப்பட வேண்டாம்.

கேள்வி: கணினியில் நாலைந்து பாஸ்கர்வில் கிடக்கிறது. எதை எடுப்பது?
*– அச்சக உரிமையாளர், சிவகாசி*

'பாஸ்கர்வில் ஓல்டு ஃபேஸ்' என்று மைக்ரோசாஃப்ட் ஆபீஸோடு வருவதை நூல் உள்பக்கத்துக்கு எடுக்காதீர்கள். அது பிரிஸ்டல் நகரத்து ஐசக் மூர் பாஸ்கர்விலைப் பார்த்துச் செய்த எழுத்தின் வாரிசு. கோடுகள் மிக மெல்லிசு. தலைப்புக்குக் கம்பீரமாக இருக்கும், 11 பாயிண்டில் உடைந்து தெரியும்.

இலவசமாக வேண்டுமென்றால் 'லிப்ரே பாஸ்கர்வில்'. 1941-ல் அமெரிக்கன் டைப் ஃபவுண்டர்ஸ் வெளியிட்ட வடிவத்தை வைத்துத் திரைக்காகச் செய்தது. சிறிய எழுத்துகள் உயரம், கோடும் தடிப்பு. அகலம் அதிகம் என்பதால் அச்சில் ஒரு பாயிண்ட் குறைத்தே போடலாம்.

பணம் கொடுத்து வாங்குவதானால் மோனோடைப். ஆனால் அதில் ஒரு சிக்கல் உண்டு. லெட்டர்பிரஸ்ஸில், அதாவது ஈய எழுத்தில் மை தடவி அழுத்தும் பழைய முறையில், அச்சான பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். எழுத்தின் ஓரத்தில் மை சற்றே பிதுங்கி நிற்கும். ஈயம் அழுத்தியதும் மை இரண்டு பக்கமும் தள்ளப்படுவதால் அப்படி. 1923-ல் அந்த எழுத்தைச் செய்தவர்களுக்கு இது தெரியும், மை எவ்வளவு கூட்டும் என்பதை மனதில் வைத்துத்தான் கோட்டை மெலிய விட்டார்கள். தகட்டிலிருந்து ரப்பர் வழியாகக் காகிதத்தில் மை இறங்கும் ஆப்செட்டில் அந்தப் பிதுக்கம் இல்லை. அதே கோடு கணினியிலிருந்து அப்படியே பிளேட்டுக்குப் போகிறது, வெளுத்துவிடுகிறது. டிஜிட்டல் பாஸ்கர்வில் சோகை பிடித்த மாதிரி இருக்கிறது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

உங்களிடம் வருகிற வேலை பெரும்பாலும் மேப்லித்தோ அல்லது நேச்சுரல் ஷேட் மாதிரி பளபளப்பில்லாத காகிதத்தில்தானே? அதில் மை சிறிது ஊறும், பாஸ்கர்விலுக்கு அது உதவிதான். பளபள தாள் என்றால் லிப்ரே போன்ற தடித்த வடிவத்துக்குப் போய்விடுங்கள். லேசர் பிரிண்ட் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதில் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். வேறு வேலைக்கு மெஷின் ஓடும்போது ஓரத்தில் இடம் இருந்தால் பாஸ்கர்வில்லில் ஒரு பக்கத்தைச் சேர்த்து ஓட்டி, அந்தத் தாளை வாடிக்கையாளர் கையில் கொடுங்கள்.