‘லே’ போட்டால் நெல்லைக்காரரா?

கேள்வி: கல்லூரி நாடகத்தில் திருநெல்வேலிக்காரனாக நடிக்கிறேன். வசனத்தில் நிறைய ‘லே’ சேர்த்தும், ஒத்திகை பார்த்த நெல்லை நண்பர்கள் “ஒட்டலையே” என்கிறார்கள். எங்கே தப்பு? – வாசகர், தஞ்சாவூர்

பதில்: முதலில் ‘லே’யைப் பாதியாகக் குறையுங்கள். அந்த ஊர்க்காரர் காது வினைச்சொல்லில்தான் நிற்கும். உங்கள் ‘சொல்றேன், பேசுறான்’ அங்கே ‘சொல்லுதேன், பேசுதான்’. ‘பாக்குறேன், கேக்குறேன்’ சுருங்கி ‘பாக்கேன், கேக்கேன்’ ஆகிவிடும். “ஏலே, அவன் எங்க நிக்கிறான்?” என்றால் முதல் சொல் மட்டும் நெல்லை, மீதி தஞ்சாவூர். “அவன் எங்கன நிக்கான்?” என்று கேட்டுப் பாருங்கள், ‘லே’யே தேவைப்படாது. மரியாதைக்கு ‘அவங்க வந்தாங்க’ அல்ல, ‘அவிய வந்தாவ’. ‘வர்றீங்களா’ என்பது ‘வாரியளா’.

அடுத்தது, யாரிடம் பேசுகிறீர்கள் என்பது. சேக்காளி, தம்பி, மகனிடம் ‘லே’ சரி. அப்பாவிடமோ கடை அண்ணாச்சியிடமோ வாயைத் திறந்தாலே வராது. தங்கைக்கு ‘ஏட்டி’. இன்னொன்று, ‘லே’ சண்டைக்கு மட்டுமான சொல் அல்ல. பிள்ளையைக் கொஞ்சவும் அதுதான். சினிமா பார்த்துப் பழகியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

வசனத்தாளில் வினைகளை மட்டும் அடிக்கோடிட்டு மாற்றுங்கள். பிறகு அந்த ஊர் நண்பர் ஒருவரை வாசிக்கச் சொல்லி போனில் பதிவுசெய்து, இழுப்பை மட்டும் தனியாகக் கேளுங்கள். நாகர்கோவில் பேச்சைக் கலந்துவிடாதீர்கள், அது வேறு.

கேள்வி: கொங்கு நாட்டில், பெருந்துறைப் பக்கம் பிறந்து 12 வருடமாகச் சென்னையில் இருக்கிறேன். ஊருக்குப் போனால் “மெட்ராஸ்காரன் ஆயிட்டே” என்கிறார்கள். வேண்டுமென்றே ‘ஏனுங்க’ போட்டால் சிரிக்கிறார்கள். – வாசகர், அம்பத்தூர்

பதில்: வேண்டுமென்றே போட்டால் சிரிக்கத்தான் செய்வார்கள். ‘ங்க’ வாக்கியத்தின் கடைசியில் ஒட்டும் வால் அல்ல. ‘எனக்குங்க’, ‘நாளைக்குங்க’, ‘வந்தனுங்க’ என்று நடுவிலும் தானாக விழும். அதை யோசித்துப் போட முடியாது, இரண்டு நாள் அங்கே இருந்தால் திரும்பிவிடும்.

உறவுக்காரர்களுக்கு உறுத்துவது பெரும்பாலும் வேறு. அப்பாவின் அப்பா ‘அப்பாரு’, அம்மாவின் அப்பா ‘அப்புச்சி’. இருவரையும் ‘தாத்தா’ ஆக்கிவிட்டால் எந்தப் பக்கத்து ஆள் என்பதே மறைந்துபோகிறது. ஒறம்பரை ‘கெஸ்ட்’ ஆவதும், நோம்பி ‘ஃபங்ஷன்’ ஆவதும், ‘என்ற ஊடு’ என்பது ‘என் வீடு’ ஆவதும் அப்படித்தான். முறைச்சொற்களை மட்டும் விடாமல் வையுங்கள். சென்னையில் சென்னைப் பேச்சு பேசுவதில் பொய் ஒன்றுமில்லை. ஊரிலிருந்து போன் வந்ததும் இரண்டாம் வாக்கியத்திலேயே உங்கள் குரல் மாறுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ரயிலில் “எந்த ஊரு?” என்று ஆரம்பிப்பவர்கள் தெரு வரை போகிறார்கள். எப்படி நிறுத்துவது? – வாசகி, விருதுநகர்

பதில்: ஊர், தாலுகா வரை அது சிநேகம். அதற்கு மேல் “எந்தத் தெரு, யார் வீடு” என்றால் பெரும்பாலும் சாதியைத் தேடுகிறார்கள். “பஸ் ஸ்டாண்டு பக்கம்” என்று சொல்லிவிட்டு, “உங்களுக்கு எங்க இறங்கணும்?” என்று கேளுங்கள். மறுபடியும் தெருவுக்கே வந்தால் அதே பஸ் ஸ்டாண்டையே சொல்லுங்கள்.