வாசகர் கேள்வி பதில்: ஊட்டி ரோஜாவும் நம்மூர் வெயிலும்

கேள்வி: மே மாத லீவில் ஆச்சியோடு ஊட்டி ரோஜா பூங்காவுக்குப் போகிறோம். பூ இருக்குமா? ஆச்சிக்கு மூட்டு வலி வேறு.
– வாசகி, தேவகோட்டை

பதில்: இருக்கும். ஏப்ரல், மே சீசனுக்குப் பூக்க வேண்டும் என்றுதான் ஜனவரியிலேயே கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு விடுகிறார்கள். 1995இல் எல்க் ஹில் சரிவில் போட்ட தோட்டம் அது, 2006இல் உலக ரோஜா சங்கக் கூட்டமைப்பின் விருதும் வாங்கியது. ஆனால் சரிவு சரிவுதான். ஐந்து தளத்துக்கும் ஆச்சியை இழுக்காமல் ஒரு தளத்தில் நிதானமாக உட்காரவையுங்கள். திறந்ததும் போய்விடுவது நல்லது, அப்புறம் பூவைவிட செல்ஃபி எடுப்பவர்கள்தான் அதிகம். சொந்த வண்டி என்றால் ஊட்டிக்குள் நுழைய இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வேண்டும்.

கேள்வி: எங்கள் நகர்ப் பூங்காவைக் குடியிருப்போரே பராமரிக்கிறோம். ஓசூர் ரோஜாச் செடிகள் வைத்தோம். முதலில் பூத்தது, இப்போது இலை மஞ்சள், பூவே காணோம். உரம் போதவில்லையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: உரத்தைக் கொட்டுவதற்கு முன்னால் எந்த இலை மஞ்சள் என்று பாருங்கள். நுனியில் வரும் இளம் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் அது இரும்புச்சத்துக் குறை, பெரும்பாலும் போர் தண்ணீரின் உப்புதான் காரணம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள். முடிந்தால் மழைத் தண்ணீர் சேமித்து ஊற்றுங்கள் (குடிதண்ணீர் ஊருணியில் கை வைத்தால் ஊரே சண்டைக்கு வரும், அது வேண்டாம்). அடி இலை மஞ்சளானால் விஷயம் வேறு, தண்ணீர் தேங்குகிறதா என்று பாத்தியைக் கிளறிப் பாருங்கள்.

அடுத்து, ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே தளதளவென்று ஒரு குச்சி கிளம்பியிருக்கும். செடி நன்றாக வளர்கிறது என்று சந்தோஷப்பட்டு அதை விட்டுவைப்பார்கள். அது காட்டு ரோஜா, சத்து முழுக்க அதற்கே போய்விடும். அடியோடு பிய்த்து எடுங்கள். நம் பக்கம் கவாத்துக்கு ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம், கார்த்திகை பிறந்ததும் மழை ஓய்ந்த நாளாகப் பார்த்து, வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டினால் பொங்கலை ஒட்டிப் பூ பார்க்கலாம்.

ஒன்று மட்டும் வெளிப்படையாகச் சொல்கிறேன். ஊட்டியைப் பார்த்த ஆசையில் வாங்கும் கலர் ரகமெல்லாம் செட்டிநாட்டுச் சித்திரை வெயிலில் தாக்குப்பிடிக்காது. பாதிப் பாத்தியிலாவது பன்னீர் ரோஜாவும் எட்வர்டு ரோஜாவும் வையுங்கள், பூ சின்னதுதான், வாசனைக்குக் குறைவிருக்காது.

கேள்வி: போர்டு வைத்தும் பூவைப் பறிக்கிறார்களே?
– வாசகி, கானாடுகாத்தான்

பதில்: பூ போவதால் செடிக்கு நஷ்டம் இல்லை, சொல்லப்போனால் வாடிய பூவைச் செடியில் விட்டால்தான் காய் பிடித்து அடுத்த மொட்டு தாமதமாகும். கையால் முறிக்கும்போது பட்டை கிழிந்து கிளை நுனியிலிருந்து காய்ந்து வருகிறதே, அதுதான் பிரச்சினை. தோட்டக்காரர் கையில் ஒரு நல்ல கத்திரியைக் கொடுங்கள். வெள்ளிக்கிழமை காலையில் மலர்ந்ததை அவரே வெட்டி, சாமிக்குக் கேட்பவர்களுக்குக் கொடுக்கட்டும். கேட்டால் கிடைக்கும் என்றானால் பறிக்கக் கூச்சம் வரும். பிப்ரவரி 14 அன்று மட்டும் வாட்ச்மேனை வாசலை விட்டு நகரவிடாதீர்கள்.